காரில் லடாக் போகும் வழியில் ஒரு ஜோடி சாக்ஸ் பின்னி முடிக்க முடியுமா?

ஜூன் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து லே வரை காரில் போகிறோம், கணவரும் மைத்துனரும் மாறி மாறி ஓட்டுவார்கள், சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு ஜோடி சாக்ஸ் பின்னி லேயில் போட்டுக்கொள்ள ஆசை, என்ன நூல் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்னிய பழக்கம் உண்டு, சாக்ஸ் மட்டும் புதிது, காரில் போனைப் பார்த்தாலே குமட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. நூல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஊசியைப் பார்க்காமல் உங்கள் கை பின்னுமா, சாக்ஸின் எந்தப் பகுதியை எந்தச் சாலையில் பின்னப் போகிறீர்கள், இந்த இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

நான் குன்னூரில் பள்ளியில் படிக்கும்போது பின்னக் கற்றவள். இருபது வருஷத்துக்கு மேலாக சாக்ஸ் பின்னுகிறேன், சிறிய வகுப்புகளும் எடுக்கிறேன். நீங்கள் போகும் பாதையில் இரண்டு முறை போயிருக்கிறேன். அதனால் பின்னலைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். குமட்டல், உயரம் பற்றியெல்லாம் ஒரு பயணியாக எனக்குப் பழக்கமானதை மட்டும் சொல்கிறேன், அதில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

முதலில் எந்த இருக்கை என்பது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பின்னுவதானால் பின்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு. இப்போது வரும் கார்களில் முன்னால் இருவருக்கும் ஏர்பேக் இருக்கிறது. மோதல் நடந்தால் அது கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும். அந்த நேரத்தில் அதற்கும் உங்கள் மார்புக்கும் நடுவில் கூரான ஊசி இருக்கக் கூடாது. இன்னொரு ஆபத்தைப் பலர் நினைப்பதில்லை. முன்சீட்டில் மடியிலிருந்து நழுவும் நூல்கண்டு ஓட்டுபவரின் காலடிக்கு உருண்டு போகலாம். பிரேக் மிதிக்கு அடியில் நூல்கண்டு சிக்குவது நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம். பின்சீட்டிலும் நூலை ஜிப் வைத்த சின்னப் பைக்குள் போட்டு, நூல் முனை மட்டும் வெளியே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முறை நாக்பூரைத் தாண்டியதும் மாடு குறுக்கே வந்து வண்டி சடாரென்று நின்றது. ஊசி முனை உள்ளங்கையில் இறங்கியது. காயம் சின்னதுதான், ஆனால் அன்றிலிருந்து கைகளை மடியோடு தாழ்த்தி வைத்துத்தான் பின்னுகிறேன், முகத்துக்கு அருகே தூக்குவதே இல்லை.

பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டல் கூடுமே என்பீர்கள், உண்மைதான். உடம்பு அசைவதை உள்காது உணர்கிறது, கண் மட்டும் அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். போனைப் பார்த்தால் உங்களுக்கு வருவது அதுதான். பின்னலில் ஒரு வசதி, கண்ணை வெளியே வைத்துக்கொண்டே கையை ஓட்டலாம். முன்சீட்டுகளுக்கு நடுவே தெரியும் சாலையைப் பார்த்தபடி பின்னுங்கள், பக்கத்துக் கண்ணாடி வழியே ஓடும் மரங்களைப் பார்க்காதீர்கள். ஒரு சுற்று முடியும்போது ஒரு நொடி குனிந்து பார்த்துக்கொண்டால் போதும். லேசாக வாயில் எச்சில் ஊறினாலே பையை மூடிவிட வேண்டும், இந்தச் சுற்றை முடித்துவிடுகிறேன் என்று இழுக்காதீர்கள். குமட்டலுக்கான மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும், அவற்றைப் போட்டுக்கொண்ட நாளில் ஊசியை எடுக்க வேண்டாம்.

ஆகவே வீட்டுப்பாடம் ஒன்று இருக்கிறது. கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதற்குள் ஒரே ஒரு சாக்ஸை வீட்டில் முழுதாகப் பின்னிப் பாருங்கள். டிவி பார்த்துக்கொண்டு, பிறகு விளக்கை அணைத்துவிட்டு. நிட் கண்ணி, அதாவது நேராகப் பின்னும் சாதாரண நூல் வளையம், விரலுக்குத் தெரிந்துவிடும், அதற்கு நாலைந்து நாள் போதும். இருட்டில் ஒரு சுற்றைக் கண்ணி நழுவாமல் முடிக்க வந்துவிட்டால் காரிலும் வரும். வரவில்லை என்றால் இந்தப் பயணத்தில் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு போவதே நல்லது.

சரி, சாக்ஸுக்கு வருவோம். சாக்ஸ் என்பது ஒரு நீளக் குழாய், அதில் இரண்டே இடங்கள்தான் கவனம் கேட்பவை: குதிகாலும் விரல் நுனியும். குழாய்ப் பகுதியில் சுற்றிச் சுற்றி நிட் கண்ணி மட்டும்தான், அதன் மறுபக்கம் போலத் தெரியும் பர்ல் கண்ணி கிடையாது, எண்ணிக்கை கிடையாது. மேல் விளிம்பில் வரும் இழுபடும் பட்டையான ரிப் மட்டும் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறும், அதை வீட்டிலேயே பின்னி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வழக்கமான குதிகாலை, அதாவது பின்பக்கம் ஒரு மடல் பின்னி, அதைத் திருப்பி, ஓரங்களில் கண்ணி எடுத்து முக்கோணமாகக் குறைத்துக்கொண்டு போவதை, ஓடும் காரில் பின்னக் கூடாது. நான் பின்னியிருக்கிறேன். மறுநாள் காலை உட்கார்ந்து பிரித்திருக்கிறேன்.

பயணத்துக்கு நான் சிபாரிசு செய்வது குழாயை முடித்த பிறகு சேர்க்கும் குதிகால். இதைப் பரவலாக்கியவர் எலிசபெத் சிம்மர்மன், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் ஆசிரியை, 1999இல் மறைந்தார். கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டே பின்னியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். முறை இதுதான். 64 கண்ணியில் குழாய் பின்னிக்கொண்டு வருகிறீர்கள். குதிகால் வர வேண்டிய இடத்தில் பாதிக் கண்ணிகளை, அதாவது 32ஐ, வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலால் பின்னுங்கள். அந்த 32ஐயும் இடது ஊசிக்கே திருப்பி மாற்றி, உங்கள் நூலால் அவற்றின் மேலேயே மறுபடி பின்னிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் குழாயைத் தொடருங்கள். முழுச் சாக்ஸும் ஆன பிறகு, அசையாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேறு நிற நூலை உருவினால் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை கண்ணி திறந்து நிற்கும். அவற்றை ஊசியில் எடுத்து, விரல் நுனியைப் போலவே இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டு போய் மூடிவிடலாம். இரண்டு மூலைகளிலும் ஓட்டை விழும், அங்கே ஒன்றிரண்டு கண்ணி கூடுதலாக எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துப் பின்னிவிட்டால் தெரியாது.

இதற்கு ஒரு குறை உண்டு. பாதத்தின் மேல்பக்கம் உயரமாக இருப்பவர்களுக்கு இந்தக் குதிகால் கணுக்காலுக்கு முன்னால் இழுத்துப் பிடிக்கும். உங்கள் பாதம் அப்படிப்பட்டதா என்பது, வீட்டில் பின்னும் அந்த ஒரு சாக்ஸிலேயே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் மடல் வைத்த குதிகால்தான் சரி, அதை இரவு தங்கும் அறையில் பின்னுங்கள். இன்னொன்று, குதிகால் இல்லாத குழாயைப் போட்டுப் பார்த்து நீளம் தெரிந்துகொள்ள முடியாது. அளவு நாடாவை நம்ப வேண்டும். பாதம் 23 செமீ என்றால் குதிகாலுக்கு 5, நுனிக்கு 5 போக, வேறு நிற நூல் போட்ட இடத்திலிருந்து 13 செமீ பின்ன வேண்டும். சுற்றளவு பாதத்தின் அகலமான இடத்தில் எடுப்பதை விட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷூவுக்குள் சுருண்டுவிடும். இந்த அளவுகளை வீட்டில் எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வந்த காலில் மாலையில் எடுத்தால் வீக்கத்தோடு சேர்த்து அளப்பீர்கள்.

நேரம் போதுமா என்றால் தாராளமாகப் போதும். கணக்கு இப்படி: 10 செமீக்கு 32 கண்ணி, 44 சுற்று என்று வைத்துக்கொண்டால், 18 செமீ கணுக்கால் பகுதிக்கு 79 சுற்று, பாதத்துக்கு 57 சுற்று. இரண்டு சாக்ஸுக்கும் சேர்த்து 272 சுற்று குழாய். நிமிஷத்துக்கு 30 கண்ணி பின்னுபவருக்கு வீட்டில் ஒரு சுற்று இரண்டு நிமிஷம், காரில் மூன்றரை நிமிஷம் என்று நான் கணக்கு வைப்பேன். பதினாறு மணி நேரத்தில் குழாய் முடிந்துவிடும். சென்னையிலிருந்து ஹைதராபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, ஆக்ரா வழியாக டெல்லி வரை ஏறக்குறைய 2,200 கிமீ. ஹைதராபாத்திலிருந்து அது தேசிய நெடுஞ்சாலை 44, பெரும்பாலும் நேரான நாலுவழிச் சாலை. இந்தச் சமவெளிதான் உங்கள் பின்னல் களம். அரை மணி நேரம் பின்னினால் கால் மணி நேரம் கைக்கு ஓய்வு, இரண்டு மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி இறங்கி நடப்பது என்று போனாலும் டெல்லிக்குள் இரண்டு குழாயும் ஆகியிருக்கும். இருட்டியதும் நிறுத்திவிடுங்கள். உள்விளக்கைப் போட்டால் ஓட்டுபவருக்கு வெளியே சரியாகத் தெரியாது.

நூல் பற்றிக் கேட்டதற்கு இப்போது. சாக்ஸுக்கென்றே விற்கும் மெல்லிய நூல், முக்கால் பங்கு மெரினோ கம்பளி, கால் பங்கு நைலான். 100 கிராம் சிட்டத்தில், அதாவது வளையமாகச் சுற்றி விற்கும் நூல் கட்டில், சுமார் 400 மீட்டர் இருக்கும், ஒரு ஜோடிக்கு அது போதும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் லூதியானா நூல்களில் நிறைய அக்ரிலிக், லேபிளைப் படித்து வாங்குங்கள். அக்ரிலிக் ஸ்வெட்டருக்குப் பரவாயில்லை. சாக்ஸில் அது வியர்வையை உறிஞ்சாது, குளிர் ஊரில் ஈரமான பாதம் சீக்கிரம் சில்லிட்டுவிடும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரம் போலத் தெரியாது. நைலான் எதற்கென்றால், வெறும் மெரினோ குதிகாலில் ஒரே குளிர்காலத்தில் தேய்ந்துவிடும். சூப்பர்வாஷ் என்று லேபிளில் போட்டிருந்தால் மெஷினில் துவைத்தாலும் சுருங்கி இறுகாது. நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பும் கருநீலமும் ஓடும் வண்டியில் கண்ணியே தெரியாது. சிட்டமாக வருவதை வீட்டிலேயே கண்டாகச் சுற்றிவிடுங்கள். காரில் சிட்டத்தைப் பிரித்தால் சிக்கு எடுக்கவே ஒரு மாநிலம் கடந்துவிடும்.

ஊசி 2.25 அல்லது 2.5 மிமீ. இருமுனை ஊசி ஐந்தை வைத்துப் பின்னுவது அழகுதான், நான் கற்றதும் அப்படித்தான். ஆனால் காரில் ஒன்று நழுவி சீட்டின் இரும்புத் தடத்துக்குள் போனால் அதை எடுக்க ஊர் வர வேண்டும். இரண்டு குட்டை ஊசிகளைக் கேபிளால் இணைத்த 80 செமீ வட்ட ஊசி ஒன்றை எடுத்து, நடுவில் உள்ள கேபிளை வளையமாக இழுத்துப் பின்னும் மேஜிக் லூப் முறையைப் பழகுங்கள். ஊசி கழன்று விழாது, கூர்முனையும் குட்டை. உலோகமா மூங்கிலா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. என் அனுபவத்தில், ஜூன் வெயிலில் கை வியர்க்கும்போது மூங்கிலில் கம்பளி ஒட்டிக்கொண்டு நகராது, உலோகம் வழுக்கிக்கொண்டு போகும். புதிதாகப் பழகுபவருக்கோ அந்த வழுக்கலே கண்ணியைத் தவறவிடும். நீங்கள் பின்னும் வீட்டுச் சாக்ஸை எது நழுவாமல் பின்னிக் கொடுக்கிறதோ அதையே கொண்டுபோங்கள். வழியில் ஊசியை மாற்றினால் கண்ணியின் இறுக்கம் மாறிவிடும், இரண்டு சாக்ஸும் இரண்டு அளவாகும். அதே காரணத்துக்காக, முதல் சாக்ஸை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்காமல், காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வளருங்கள். சுற்று எண்ணுவதற்கு, பத்துச் சுற்றுக்கு ஒரு முறை ஓரத்தில் ஒரு துண்டு நூலைச் செருகிவையுங்கள்.

சண்டிகரைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பையை மூடிவிடுங்கள். மணாலியிலிருந்து, 2020இல் திறந்த 9 கிமீ அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பள்ளத்தாக்குக்குள் போய்விடலாம். அங்கே கேலாங்கில் கட்டாயம் இறங்குங்கள். கையால் பின்னும் சாக்ஸுக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு வாங்கிய பள்ளத்தாக்கு அது. 1850களில் கேலாங்கில் வந்து தங்கிய மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரிகள்தான் ஊசிப் பின்னலை அங்கே கொண்டுவந்தார்கள், மரியா ஹைடே என்ற பெண்மணி உள்ளூர்ப் பெண்களுக்கு வகுப்பே நடத்தினார். பெண்கள் நடந்துகொண்டே, பேசிக்கொண்டே பின்னுவதைப் பாருங்கள், கண் ஊசிக்கே போகாது. நான் வகுப்பில் பத்து நாள் சொல்லிக்கொடுப்பதை அந்தக் கைகள் பத்து நிமிஷத்தில் காட்டிவிடும். பேசினால் காட்டுவார்கள், ஒரு ஜோடியாவது விலை பேசாமல் வாங்குங்கள்.

அதற்கு மேல் உயரம் வேறு கதை. ஜிஸ்பாவைத் தாண்டி 4,800 மீட்டருக்கு மேலுள்ள பாரலாச்சா கணவாய், சர்ச்சு, கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், பாங்க் எல்லாம் வரும். இங்கே குமட்டினால் பின்னியதால்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தலைவலியோடு சேர்ந்த குமட்டல், பசியின்மை, அசதி இவையெல்லாம் உயர நோயின் அறிகுறிகள். அதை மேலும் ஏறாமல் நின்று கவனிக்க வேண்டும், கூடினால் கீழே இறங்க வேண்டும். காரில் சாதாரணமாகவே குமட்டும் உங்களுக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். அந்த இரண்டு நாள் பின்னாமல் இருந்தால், குமட்டல் வந்தால் காரணம் ஊசியல்ல என்றாவது தெரியும். பாங்க் தாண்டியதும் மோரே சமவெளி வரும். ஏறக்குறைய 40 கிமீ நேரான சாலை, கை தானாக நூலைத் தேடும். அங்கே உயரம் 4,600 மீட்டருக்கு மேல். எனக்கும் ஆசை வந்தது, நான் எடுக்கவில்லை.

லே 3,500 மீட்டர். போய்ச் சேர்ந்ததும் இரண்டு முழு நாள் அறையிலேயே ஓய்வெடுக்கச் சொல்வார்கள், மதியுங்கள். குதிகாலும் நுனியும் அந்த இரண்டு நாளுக்காகத்தான் காத்திருக்கின்றன. தலைவலி இல்லையென்றால், வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து முதலில் இரண்டு நுனிகள், பிறகு இரண்டு குதிகால்கள். கடைசியில் மிஞ்சும் கண்ணிகளைத் தையல் ஊசியால் கோத்து மூடுவதற்கு கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் அமைச்சராக இருந்த லார்ட் கிச்சனர் சிப்பாய்களுக்காகக் கண்டுபிடித்தது என்ற கதை எல்லாப் பின்னல் வகுப்பிலும் சொல்லப்படும், அதற்கு உறுதியான சான்றை நான் பார்த்ததில்லை. தையல் மட்டும் நிஜம், விரல் நுனியில் உறுத்தாமல் மூட இதைவிட நல்ல வழி கிடையாது. அதன் நாலு அசைவுகளையும் எழுதிக் கொண்டுபோங்கள், அந்த உயரத்தில் பழகியதே மறந்துபோகும்.

அப்புறம், மழுங்கிய தையல் ஊசி, சின்னக் கத்தரி, அளவு நாடா, வேறு நிற நூல் இவற்றோடு இன்னொரு வட்ட ஊசியும் வேண்டும், அதே அளவில், அதே கம்பெனியில். அதை நூல் பையில் வைக்காமல் துணிப்பெட்டியில் வையுங்கள். மணாலி கடைத்தெருவில் கம்பளியும் ஊசியும் நிறைய உண்டு, ஆனால் நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் ஸ்வெட்டருக்கான தடித்த ஊசிகள். 2.5 மிமீ ஒரு கடையிலும் இல்லை.